வயர் செருகியிருக்கு, சார்ஜ் இறங்குது

பிரிக்பீல்ட்ஸில் வாலண்டைன் வீடு எங்கே என்று கேட்டால், எந்த வாலண்டைன் என்று திருப்பிக் கேட்பார்கள். லைவ் வாலண்டைன் என்றால் போதும், உடனே கை நீட்டிவிடுவார்கள். கல்யாணம், சடங்கு, புதுமனை புகுவிழா, அடக்கம் என்று எது நடந்தாலும் மூன்று கேமராக்களை நிறுத்தி, வர முடியாத உறவுகளுக்கு நடக்கிற நேரத்திலேயே இணையத்தில் காட்டுவது அவர் தொழில். பெர்த்தில் இருக்கும் அத்தை அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே இங்கே மண்டபத்தில் யார் யாரோடு பேசவில்லை என்று கண்டுபிடித்துவிடுவாள். அந்தப் புண்ணியமும் பாவமும் வாலண்டைனைச் சேரும்.

வயது ஐம்பத்தாறு. அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். மகனுக்கு ரயில் வேலை கிடைக்கவில்லை, ரயில் ஏறும் பழக்கம் மட்டும் கிடைத்தது. சுங்கை பூலோவானாலும் கிள்ளானானாலும் தோளில் பையை மாட்டிக்கொண்டு கொமுட்டர் ரயிலில்தான் போவார். கேமராக்களையும் ஸ்டாண்டுகளையும் உதவியாட்கள் வேனில் கொண்டுவந்துவிடுவார்கள். லேப்டாப்பை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டார். ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர்தான், ஆனாலும் கன்னிகாதானம் எப்போது, கெட்டிமேளம் எப்போது என்பதில் சில ஐயர்களைவிட அவருக்கு நிதானம் அதிகம்.

அந்த லேப்டாப் ஒரு கேமிங் லேப்டாப். வாலண்டைன் வாழ்க்கையில் ஒரு கேமும் விளையாடியதில்லை. மூன்று கேமராக்களின் படத்தையும் ஒன்றாக வாங்கி, மணமக்கள் பெயரைத் தங்க எழுத்தில் ஓடவிட்டு, மேலிருந்து ரோஜா இதழ் கொட்டுவது போலக் காட்டி, அதையே மண்டபத்தின் பெரிய திரைக்கும் அனுப்ப வேண்டுமானால் சாதாரண லேப்டாப் மூச்சு வாங்கும் என்று கடைக்காரன் சொன்னான். வாங்கிவிட்டார். பொத்தான்களெல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மின்னின. "தீபாவளிக்குப் போட்ட கடை மாதிரி இருக்கு," என்றார் மனைவி ஏமி.

லேப்டாப்பில் குறை இல்லை. அதோடு வந்த சார்ஜரில்தான் குறை. பாதிச் செங்கல் அளவு, முழுச் செங்கல் கனம். போன வருடம் வாலண்டைனுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு, கையை உயர்த்திச் சிலுவை போடக்கூட முடியாமல் போனபோது, டாக்டர் பையின் கனத்தைக் குறைக்கச் சொன்னார். லேப்டாப்பைக் குறைக்க முடியுமா? செங்கல்லைக் குறைத்தார்.

தெருமுனைக் கடையில் ரியாஸ் இருந்தான். ராமநாதபுரத்திலிருந்து வேலைக்கு வந்து, கைப்பேசியும் லேப்டாப்பும் பிரித்து மாட்டிக்கொண்டிருந்த பையன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சார்ஜரையும், டாக் என்று ஒரு சின்னப் பெட்டியையும் எடுத்துக் கொடுத்தான். கேமரா வயர், திரை வயர், இணைய வயர், சார்ஜர் எல்லாம் அந்தப் பெட்டியில் செருகினால் போதும். பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு ஒரே ஒரு வயர்.

"கேமிங் லேப்டாப்புக்கும் ஏறும்ணே. ஆனா மெதுவாத்தான் ஏறும்," என்றான் ரியாஸ்.

வீட்டுக்கு வந்து செருகியதும் திரையின் மூலையில் 'ஸ்லோ சார்ஜர்' என்று ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. வாலண்டைன் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணி கட் ஆகும் நாட்களில், குழாயில் நூல் மாதிரி ஒழுகும் தண்ணீர்கூட விடிவதற்குள் டிரம்மை நிரப்பிவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். மெதுவாக ஏறினால் என்ன, ஏறினால் சரி. அதேபோல் இரவு முழுதும் ஏறி, காலையில் நூறு காட்டியது. பெரிய சார்ஜர் அலமாரிக்கு மேல் போய்விட்டது.

குழப்பம் சுங்கை பூலோவில் ஒரு நிச்சயதார்த்தத்தில் ஆரம்பித்தது. நூறோடு தொடங்கிய லேப்டாப், மோதிரம் மாற்றி முடிக்கும்போது முப்பதில் நின்றது. வயர் செருகியிருந்தது. பேட்டரி படத்தின் மேல் சார்ஜர் அடையாளம் ஒழுங்காக இருந்தது. ஆனாலும் எண் இறங்கியது. வாலண்டைன் வயரைப் பிடுங்கிச் செருகினார், ஊதிச் செருகினார், திருப்பிச் செருகினார். கடைசியில் மண்டபத்துக் கரண்டு சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலை பூஜை. அங்கே ராட்சத இயந்திரங்களே ஓடுகின்றன, கரண்டைக் குறை சொல்ல வழியில்லை. அங்கேயும் இறங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசை மேல் வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஏறியது! ஒவ்வொன்றாக, அடக்கமாக, நல்ல பிள்ளையாக ஏறியது. வாலண்டைனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. வீட்டில் ஏறுகிற பொருள் வெளியில் போனால் ஏன் இறங்குகிறது? வெட்கப்படுகிறதா?

"பழைய சார்ஜர எடுத்துட்டுப் போங்களேன்," என்றார் ஏமி.

"இதுவும் சார்ஜர்தானே லா. ஏறலன்னா ஏறலன்னு சொல்லணும். ஏறுதுன்னு காட்டிட்டே இறங்குதே, அதான் புரியல."

"உங்களுக்குப் புரியலன்னா அதுக்குப் புரிஞ்சிருக்கு. பெருசக் கேக்குது."

கேட்டிருக்கலாம். ஆனால் கட்டிய மனைவி சொல்லும் யோசனையை உடனே ஏற்றுக்கொண்டால் நாளைக்கு மரியாதை என்ன ஆவது? ரியாஸிடம் போனார். ரியாஸ் கடையில் செருகிப் பார்த்தான். அங்கேயும் நல்ல பிள்ளையாக ஏறியது. அவனுக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேட்டரி தளர்ந்திருக்கும் என்று புதிதாக ஒன்று மாற்றிக் கொடுத்தான். அடுத்து வந்தது ஒரு சின்னப் பிறந்தநாள் ஜெபக்கூட்டம். சீக்கிரம் முடிந்துவிட்டது, புதுப் பேட்டரியும் தாக்குப்பிடித்தது. வியாதி கண்டுபிடித்தாயிற்று என்று வாலண்டைன் நிம்மதியானார். இப்படி வரும் நிம்மதி இருக்கிறதே, அதைப் போல ஆளைக் கவிழ்ப்பது வேறில்லை.

இந்த நேரத்தில்தான் கிள்ளானிலிருந்து இராமலிங்கம் வந்தார். டயர் கடை வைத்திருப்பவர். மகள் கார்த்திகாவுக்குக் கல்யாணம். வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, ஏமி கொடுத்த காப்பியைத் தொடாமலே பேச ஆரம்பித்தார்.

"அண்ணே, என் வீட்டுக்காரம்மா லெட்சுமி ஆஸ்பத்திரியில இருக்கா. ரத்தத்துல புற்று. எலும்பு மஜ்ஜை மாத்தியிருக்காங்க. தனி ரூம்பு. யாரும் உள்ள போகக் கூடாது, அவளும் வெளிய வரக் கூடாது. கல்யாணத்தத் தள்ளி வைக்கலாம்னு சொன்னோம். அவதான் தள்ளக் கூடாதுன்னு சண்ட போட்டா."

"கவலப்படாதீங்க. வீடியோ கால் வேற, நம்ம லைவ் வேற. சினிமா மாதிரி பாப்பாங்க," என்றார் வாலண்டைன்.

"வீடியோ கால் அவ எடுக்க மாட்டா அண்ணே. முடியெல்லாம் போயிருச்சு, முகமும் மாறிப்போச்சு. பொண்ணுகிட்டகூட குரல்தான், முகத்தக் காட்டி ரொம்ப நாளாச்சு. லைவ்ல அவ நம்மளப் பாக்கலாம், நாம அவளப் பாக்க முடியாது, இல்லயா? அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். பாட்டு, பூ எதுவும் வேணாம். தாலி கட்டுறத அவ பாக்கணும். அவ்ளோதான்."

இந்த மனிதர் பூ வேண்டாம் என்கிறார், ஆனால் இந்த அம்மாவுக்குப் போடாத பூ யாருக்கு? வாலண்டைன் இதுவரை செய்யாத அளவுக்குச் செய்வது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். முடிவு செய்தது அன்பினால்தான். அந்த அன்புதான் பின்னால் காலை வாரியது.

கல்யாணத்தன்று கிள்ளான் மண்டபத்தில் வாலண்டைன் எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தார். மண்டபத்து மேற்பார்வையாளர் லோகன் திரைக்குப் பக்கத்தில் மேசை போட்டு, தனியாக ஒரு ப்ளக் பாயிண்ட் கொடுத்தார். லேப்டாப்பில் நூறு. லெட்சுமியின் கைப்பேசிக்கு லைவ் இணைப்பை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: 'நல்லா தெரியுது அண்ணே. வாழை மரம்கூட தெரியுது.'

அவருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. ரோஜா இதழ்களை இரண்டு மடங்காகக் கொட்டவிட்டார். கார்த்திகா பெயரைச் சுற்றி மயில் தோகை விரித்தது. பெரிய திரையிலும் அதுவே ஓடியது.

மாப்பிள்ளை வீட்டார் ஃபெடரல் ஹைவேயில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு லோரி கவிழ்ந்திருக்கிறதாம். வருகிறோம், வருகிறோம் என்று போன் வந்துகொண்டே இருந்தது, ஆள் வரவில்லை. நாதஸ்வரக்காரர் தெரிந்த பாட்டையெல்லாம் வாசித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். வாலண்டைன் மட்டும் லைவை நிறுத்தவில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாளே.

மாப்பிள்ளை வந்து மாலை போட்டு உட்கார்ந்தபோது வாலண்டைன் தற்செயலாக லேப்டாப் திரையின் மூலையைப் பார்த்தார். பன்னிரண்டு.

முதலில் அதைக் கடிகாரம் என்று நினைத்தார். பிறகு வயரைத் தொட்டுப் பார்த்தார். வயர் செருகியிருக்கிறது. சார்ஜர் அடையாளம் இருக்கிறது. புதுப் பேட்டரி. பன்னிரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினொன்று.

"லோகன், உங்க பாயிண்ட்ல கரண்டு வருதா?"

"வருது boss. பக்கத்துல பேன் ஓடுது பாருங்க."

வேறு பாயிண்டுக்கு மாற்றினார். பத்து. ரியாஸுக்குப் போன் போட்டார்.

"தம்பி, மறுபடியும் இறங்குது. புதுப் பேட்டரியும் இறங்குது!"

"அண்ணே, எந்தச் சார்ஜர்? டாக்ல போட்டிருக்கீங்களா? பெருசு எங்க?"

"அலமாரிக்கு மேல."

அந்தப் பக்கம் ரியாஸ் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "நான் ஒரு மடையன்ணே. பேட்டரில ஒண்ணுமே இல்ல. நான் கடைல சும்மா வச்சிப் பாத்தேன், நீங்க வீட்டுல சும்மா வச்சிப் பாத்தீங்க. சும்மா இருந்தா அது ஏறத்தான் செய்யும். அங்க நீங்க அதுகிட்ட வேல வாங்குறீங்க. யானைப் பசிக்குச் சோளப்பொரிணே. சின்னது குடுக்குறதவிட அது திங்குறது ஜாஸ்தி. பத்தாததப் பேட்டரிலருந்து எடுத்துக்குது."

"மெதுவா ஏறும்னியே! தண்ணி கட் ஆனா ஒழுகுற குழாய்லகூட டிரம் நெறயுதே!"

"நெறயும்ணே, யாரும் மொள்ளாம இருந்தா. ஒரு குடும்பமே அதுல நின்னு குளிச்சா? எது எது ஓடுதோ எல்லாத்தயும் நிறுத்துங்க. பூவு, எழுத்து, பெரிய தெர எல்லாம்."

பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. வயர் மாட்டிய பிறகும் ஒரு பொருள் தன்னையே தின்னும் என்பதை ஏற்க மனம் வரவில்லை. ஆனால் விவாதிக்க நேரம் இல்லை. இதழ்களை நிறுத்தினார். மயிலை நிறுத்தினார். தங்க எழுத்து போனது. எட்டு. ஒரு கேமராவை மட்டும் விட்டு மற்ற இரண்டையும் அணைத்தார். மணவறையில் இராமலிங்கத்தின் தம்பியும் தம்பி மனைவியும் கன்னிகாதானம் செய்துகொண்டிருந்தார்கள். மனைவி பக்கத்தில் இல்லாமல் தாரை வார்க்க முடியாது என்பதால், பெற்ற தகப்பன் இராமலிங்கம் ஒரு தூணோரமாக, அழைப்பு வந்து வந்த ஆள் போல நின்றிருந்தார். அவர் பார்வை அடிக்கடி வாலண்டைன் பக்கம் வந்து போனது. வாலண்டைன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். வாழ்நாளில் அவ்வளவு பெரிய பொய்யை ஒரு விரலால் சொன்னதில்லை.

பெரிய திரையை அணைத்தார். மண்டபம் முழுதும் "ஏய்" என்று ஒரு சத்தம் எழுந்தது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். "தெரை என்ன ஆச்சு boss? பின்னால ஒண்ணும் தெரியலன்னு சத்தம் போடுறாங்க," என்று லோகன் ஓடிவந்தார். வாலண்டைன் இரண்டு கைகளாலும் லேப்டாப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பூசையில்கூட வேண்டாத அளவுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். நாலு. நாலு. இன்னும் நாலு. தாலித் தட்டு பெரியவர்களிடம் ஆசி வாங்கிக்கொண்டு மணவறைக்குத் திரும்பியது. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மூன்று.

திரை கறுத்தது. சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போயின.

உடனே கைப்பேசியில் செய்தி: 'அண்ணே படம் போயிருச்சு. கட்டிட்டாங்களா?'

வாலண்டைன் யோசிக்கவில்லை. வீடியோ கால் போட்டார். நெடுநேரம் அடித்தது. எடுத்தபோது திரை முழுதும் இருட்டு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. லெட்சுமி கேமராவை விரலால் மூடியிருந்தாள்.

"அண்ணே, வேணாம். என்னயக் காட்டாதீங்க."

"நீங்க காட்ட வேணாம்மா. நீங்க பாருங்க. கட்டல, இன்னும் கட்டல."

போனைப் பிடித்துக்கொண்டு ஓடினார். யார் காலையோ மிதித்தார். பன்னீர்ச் சொம்பு ஒன்று உருண்டது. மணவறைப் படியில் ஏறி மணப்பெண்ணுக்கு எதிரே மண்டியிட்டபோதுதான் தெரிந்தது, கேமரா அவர் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கேமராவை மறுபக்கம் திருப்ப ஒரு பொத்தான் உண்டு. முப்பது வருடம் கேமரா பிடித்த மனிதருக்கு அந்த நேரத்தில் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எதையோ அமுக்கினார், ஒலி கூடியது. இன்னொன்றை அமுக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் போனையே திருப்பி, திரையைக் கார்த்திகாவின் பக்கம் நீட்டினார்.

"நகருங்க சார், மறைக்காதீங்க," என்றார் ஐயர்.

"பொண்ணோட அம்மா சாமி," என்றார் வாலண்டைன். மாப்பிள்ளை தாலியோடு உயர்த்திய கையை அப்படியே நிறுத்தினான். கெட்டிமேளத்துக்குக் கை ஓங்கிய தவில்காரர் ஐயரைப் பார்த்தார், ஐயர் மாப்பிள்ளையைப் பார்த்தார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

கார்த்திகா நிமிர்ந்து போனைப் பார்த்தாள். அவள் பார்த்தது வெறும் இருட்டாகத்தான் இருக்கும்.

"அம்மா? இருக்கியா?"

போனின் பின்பக்கம்தான் வாலண்டைனுக்குத் தெரிந்தது. மூடிய விரல் மூடியபடி இருக்கிறதா, லைன் அறுந்துவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. அவருக்குப் பார்க்கக் கிடைத்ததெல்லாம் கார்த்திகாவின் முகம் மட்டும்தான். அதில் முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் புருவம் உயர்ந்தது. உதடு கோணியது. கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அம்மா... யாரும்மா இந்தக் குல்லா குடுத்தா? அழகா இருக்கும்மா."

"நர்ஸ் பின்னுனது," என்றது போனிலிருந்து ஒரு மெலிந்த குரல். "அழாத, மை கலையுது. கழுத்தக் காட்டு, கட்டட்டும்."

கார்த்திகா தலை குனிந்தாள்.